இரண்டு சட்டங்கள், ஒரு நீதிபதி

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இந்தியாவில் காப்புரிமையும் டிரேட்மார்க்கும் வாங்கித் தருவது என் தொழில். இந்தத் தொழிலுக்கு வரும் ஜூனியர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் என். ராஜகோபால ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். அவர் 1955-ல் கொடுத்த அறிக்கையின் மேல் எழுந்ததுதான் 1958-ன் டிரேட்மார்க் சட்டம். 1957-ல் காப்புரிமைச் சட்டத்தைச் சீர்திருத்தும் பொறுப்பும் அவர் கைக்கே வந்தது. 1959 செப்டம்பரில் அதற்கான அறிக்கையையும் முடித்துக் கொடுத்துவிட்டார்.

அப்போது நடப்பில் இருந்தது 1911-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டம். அதனால் யாருக்கு லாபம் என்று ஐயங்கார் கணக்குப் பார்த்தார். இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில் இருந்தது. அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்த நாட்டில் உற்பத்திக்கே வரவில்லை. பொருளை அவர்கள் ஊரில் செய்து கப்பலில் அனுப்புவார்கள். இங்கே வேறு யாரும் அதைச் செய்ய முடியாதபடி காப்புரிமை மறித்து நிற்கும். மருந்து விஷயத்தில் இதன் சுமை நோயாளியின் தலையில் விழுந்தது.

காப்புரிமையே வேண்டாம் என்று அவர் எழுதிவிடவில்லை. எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். மற்ற நாடுகள் எந்த வழியில் வளர்ந்தன என்று தேடிப் படித்தார். ஜெர்மனியின் 1877 சட்டம் ரசாயனப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே தந்தது. ஒருவர் ஒரு வழியில் சாயம் செய்தால், இன்னொருவர் வேறு வழி கண்டுபிடித்து அதே சாயத்தைச் செய்யலாம். ஜெர்மன் ரசாயனத் தொழில் இந்தச் சட்டத்தின் கீழேதான் உலகத்தை வென்றது. பிரிட்டனும் 1919 முதல் 1949 வரை ஏறக்குறைய இதே வழியில் போனது. உணவுக்கும் மருந்துக்கும் ரசாயனங்களுக்கும் இந்தியாவிலும் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை போதும் என்று ஐயங்கார் பரிந்துரைத்தார். மசோதா நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் இழுபட்டு 1970-ல் சட்டமாகி, 1972 ஏப்ரல் 20 அன்று அமலுக்கு வந்தது.

நான் ஜூனியராகச் சேர்ந்தபோது அந்தச் சட்டம் எங்கள் மேஜையில் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலிருந்து ஏர்மெயிலில் ஒரு மருந்துக் கம்பெனியின் விண்ணப்பக் கட்டு வரும். முதல் கிளெய்மே, அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று கேட்கும் கோரிக்கையே, மருந்தின் மூலக்கூறுக்குத்தான் இருக்கும். சீனியர் சிவப்புப் பென்சிலை எடுத்து அதை அடிப்பார். அந்த மருந்தால் நோயைக் குணப்படுத்தும் முறைக்கும் ஒரு கிளெய்ம் இருக்கும், அதையும் அடிப்பார். கடைசியில், எதை எதோடு சேர்த்து, எந்தக் கரைப்பானில், எத்தனை டிகிரி சூட்டில் வைத்தால் அந்தப் பொருள் வரும் என்கிற பகுதி மட்டும் மிஞ்சும். அதை டைப்பிஸ்ட் கார்பன் வைத்து அடித்துத் தருவார். எங்கள் கண்டுபிடிப்பின் உயிரையே வெட்டிவிட்டீர்களே என்று கட்சிக்காரர் கடிதம் எழுதுவார். ஐந்தாம் பிரிவை எடுத்துக்காட்டி சீனியர் பொறுமையாகப் பதில் எழுதுவார். மருந்துச் செய்முறைக்கு அப்போது கிடைத்த காலமும் குறைவுதான்: காப்புரிமை முத்திரையிட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அல்லது விண்ணப்பத்திலிருந்து ஏழு ஆண்டு, இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை. பல கம்பெனிகள் இந்தியாவில் விண்ணப்பம் போடுவதையே விட்டுவிட்டன. அந்த இடைவெளியில்தான் நம் மருந்துத் தொழிற்சாலைகள் வளர்ந்து, உலகத்துக்கே மலிவு விலையில் மருந்து அனுப்பும் நிலைக்கு வந்தன.

இந்தியா திருடுகிறது என்ற பேச்சை வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் நான் ஆண்டுகளைச் சொல்வேன். மருந்துப் பொருளுக்கு ஜெர்மனி காப்புரிமை தந்தது 1968-ல். ஜப்பான் 1976-ல், சுவிட்சர்லாந்து 1977-ல், இத்தாலி 1978-ல். தத்தம் தொழில் காலூன்றிய பிறகே அவர்கள் கதவைத் திறந்தார்கள்.

உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் நாமும் 2005 ஜனவரி 1 முதல் பொருளுக்குக் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. பழைய மருந்தின் புது வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்று மூன்றாம் பிரிவின் 'டி' உட்பிரிவை நாடாளுமன்றம் அப்போது இறுக்கியது. அடுத்த ஆண்டே சென்னைக் காப்புரிமை அலுவலகம் ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த மருந்துக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. நம் கம்பெனிகள் செய்த அதே மருந்துக்குச் சுமார் 10,000 ரூபாய்தான். கிளிவெக்கின் கம்பெனியான நோவார்ட்டிஸ் அந்த உட்பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்தது. அந்தத் தீர்ப்பில் ஐயங்காரின் அறிக்கை விரிவாக இடம்பெற்றிருக்கிறது. 54 ஆண்டு கழித்தும் அவர் எழுத்தைத் தேடிப்போனது நீதிமன்றம்.

என் வருமானம் வெளிநாட்டுக் கட்சிக்காரர்களிடமிருந்து வருவது. அவர்களுக்காக இந்த உட்பிரிவோடு மல்லுக்கட்டுவது என் கடமை, அதை முழு மனதோடு செய்கிறேன். அப்படியும் இது நியாயமான சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஐயங்காரின் 1959 அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது. சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தத் தொழிலுக்கு வருவதாக இருந்தால் முதலில் அதை வாசித்துவிட்டு வாருங்கள்.