அடித்துத் திருத்திய ஒரு சொல்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, இடுப்பில் கைக்குழந்தை. “வேலையை விட்டுடலாமான்னு இருக்கு டீச்சர்” என்றாள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

1919இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. லலிதா. 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்தபோது மகளுக்கு நாலே மாதம். கணவனை இழந்த பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலம் அது. லலிதாவின் அப்பா பப்பு சுப்பாராவ் அப்படிச் செய்யவில்லை. அவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி, ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் 1940இல் மகளைச் சேர்த்தார்.

அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். விடுதியில் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை. பெண்களும் சேரலாம் என்று கல்லூரி அறிவித்ததும், லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவர் கட்டடப் பொறியியல் படிக்க வந்தார்கள். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்று, சிம்லாவில் வேலை பார்த்தார். பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணையிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் தடங்களின் வடிவமைப்பில் அவருக்கும் பங்கு உண்டு. சிம்லாவிலும் கல்கத்தாவிலும் அண்ணன் தம்பி வீட்டுத் துணை இருந்ததால் மகளைப் பற்றிய கவலை இல்லாமல் வேலைக்குப் போக முடிந்தது.

1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டார். திரும்பி வந்தவர், 1967இல் கேம்பிரிட்ஜில் நடந்த அடுத்த மாநாட்டுக்கு மற்ற இந்தியப் பெண்களையும் அனுப்பப் பாடுபட்டார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். 1979இல் லலிதா காலமானார்.

லலிதா தனியாகச் சாதித்தார் என்றால் அது பாதிக் கதைதான். அப்பா, கல்லூரி முதல்வர், தோழிகள், உடன்பிறந்தவர்கள் என்று எத்தனை பேர் துணை நின்றார்கள்! தறிவீட்டில் பிறந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தார் சுற்றிக் கொடுக்க ஆளில்லை என்றால், எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் தறி நின்றுபோகும்.

என் மாணவி இன்னும் முடிவு சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரனும் என்னிடம் படித்தவன்தான். இந்தப் பதிவை அவனும் படிப்பான்.

வாழ்க நலமுடன்.