ஜவ்வாது மலை: பேருந்துக் கட்டணமும் பயணச்சீட்டும்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிய ஜவ்வாது மலையின் மையம் ஜமுனாமரத்தூர். போளூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் அங்கே பேருந்தில் ஏறிச் செல்லலாம். இப்பகுதியில் அரசுப் பேருந்துகளை இயக்குவது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம்.

கட்டணம் ‘ஸ்டேஜ்’ எனப்படும், கட்டணம் கணக்கிடக் குறித்த நிறுத்தங்களின் அடிப்படையிலானது. வண்டி நிற்கும் இடமெல்லாம் ஸ்டேஜ் ஆகாது. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே இறங்குபவர் அடுத்த ஸ்டேஜ் வரையிலான கட்டணத்தைத் தர வேண்டியிருக்கும். குறைந்த தூரத்துக்குக் கூடுதலாக வாங்குகிறார்களே என்ற மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கிறது. 2018 ஜனவரியில் புறநகர்ச் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 42 காசாக இருந்த கட்டணம் 60 காசாக உயர்ந்து, எதிர்ப்புக்குப் பின் 58 காசானது. மலைப்பாதைக்குத் தனியே கூடுதல் விகிதம் உண்டு. சாமையும் புளியும் விற்க அடிவாரச் சந்தையை நம்பியிருக்கும் மலையாளி பழங்குடியினருக்கு இது சிறிய சுமை அல்ல. மூட்டைக்கு லக்கேஜ் கட்டணமும் சேர்கிறது.

ஐந்து வயது வரை கட்டணமில்லை. பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். பெண்களுக்கான கட்டணமில்லா ‘விடியல் பயணம்’ 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் தொடங்கியது. 2024இல் நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கு விரிவானது. எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதால் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்பது நல்லது. இலவசப் பயணத்துக்கும் சீட்டு உண்டு; கேட்டு வாங்கி, இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும். மலையில் கைப்பேசிச் சிக்னல் எங்கும் சீராகக் கிடைக்காது. அதனால் கைப்பேசி வழியே பணம் செலுத்தலாம் என்று நம்பாமல் சில்லறையோடு ஏறுவதே பாதுகாப்பு.