தந்தை வழி வந்த நடை

2009-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். லண்டன் மாநகரின் ஒலிம்பியா அரங்கில் ஆயிரக்கணக்கானோர் மூச்சடக்கி அமர்ந்திருந்தனர். மணல் பரப்பிய களத்தில், இசைக்கு இயைய, கரிய ஆண் குதிரை ஒன்று அடியெடுத்து வைத்தது. அதன் பெயர் டோடிலாஸ். ஆட்டம் முடிந்து நடுவர்கள் மதிப்பெண்களைக் கூட்டியபோது நூற்றுக்கு 92.30 என்ற எண் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வரை உலகில் எந்தக் குதிரையும் தொண்ணூறைத் தொட்டதில்லை. அம்மாதம் விண்ட்சரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 90.75 பெற்று அவ்வெல்லையை முதன்முதல் கடந்ததும் இதே டோடிலாஸ்தான்.

இத்தகைய ஆற்றல் ஒரு விலங்குக்கு எங்கிருந்து வருகிறது? தந்தையின் குருதியிலிருந்தா? பயிற்றுவித்தவரின் கையிலிருந்தா? பொருள் கொடுத்து அதை வாங்க முடியுமா? இம்மூன்று வினாக்களுக்கும் டோடிலாஸின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. அதனைக் காண நாம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முதலில் இக்கலையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். இதனை 'டிரஸ்ஸாஜ்' என்பர்; பயிற்சி என்பது இப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். அறுபது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள களத்தில் குதிரை தனியே தன் நடைகளைக் காட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே தாளம் தவறாமல் துள்ளுதல், ஒவ்வோர் அடியிலும் காற்றில் மிதப்பதுபோல் மெல்ல முன்னேறுதல், பாய்ந்து செல்லும்போதே அடிக்கு அடி கால் மாற்றுதல், பின்கால்களை மையமாக வைத்து வட்டமிடுதல் ஆகியவை இதன் உயர்ந்த பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து வரை மதிப்பெண் உண்டு. சவாரி செய்பவர் கட்டளை இடுவது கண்ணுக்குத் தெரியாதபடி இருத்தல் இதன் இலக்கணம். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதி, குதிரையை வருத்திப் பணியவைத்தல் ஆகாது என்று அறிவுறுத்தினார். அவ்வறிவுரை இன்றும் இக்கலைக்கு உரைகல்லாக விளங்குகிறது.

இனி டோடிலாஸின் குலவழிக்கு வருவோம். அதன் தந்தை கிரிபால்டி. கிரிபால்டி 'டிராக்கேனர்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. பால்டிக் கடலோரத்தில் அன்று கிழக்குப் பிரஷ்யா எனப்பட்ட நாட்டில், டிராக்கேனன் என்ற ஊரில் தோன்றியது அவ்வினம். 1732-ஆம் ஆண்டில் பிரஷ்ய மன்னர் முதலாம் பிரடெரிக் வில்லியம் அங்குள்ள சதுப்பு நிலத்தை வடித்துத் திருத்தி, அரசுக் குதிரைப் பண்ணை ஒன்றை நிறுவினார். படைக்கு ஏற்ற, நெடுவழி சென்றாலும் களைக்காத குதிரை வேண்டும் என்பதே அவர் நோக்கம். காலப்போக்கில் அராபியக் குதிரைகளும் ஆங்கிலப் பந்தயக் குதிரைகளும் அங்குக் கொண்டுவரப்பட்டு இனம் செம்மைப்படுத்தப்பட்டது. அப்பகுதியில் வாழும் எல்க் என்னும் பெரிய மானின் கொம்பு வடிவம் பண்ணைக் குதிரைகளின் தொடையில் முத்திரையாகப் பொறிக்கப்பட்டது.

இருநூறு ஆண்டுக் காலத் தேர்வின் பயன் 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் வெளிப்பட்டது. டிரஸ்ஸாஜ் தனிப் போட்டியில் பொற்பதக்கம் பெற்ற குரோனாஸ், வெள்ளிப் பதக்கம் பெற்ற அப்சிந்த் ஆகிய இரண்டும் கிழக்குப் பிரஷ்யக் குதிரைகளே. படைக்கென வளர்க்கப்பட்ட இனம் விளையாட்டுக் களத்திலும் புகழ் பெற்றது.

ஆனால் அப்புகழ் பத்தாண்டுகள்கூட நீடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் சோவியத் படைகள் கிழக்கிலிருந்து நெருங்கின. 1944-ஆம் ஆண்டு அக்டோபரில் டிராக்கேனன் பண்ணை காலி செய்யப்பட்டது. அடுத்த ஜனவரியில் மக்களும் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். கடுங்குளிர், வழியெங்கும் பனி. கருவுற்றிருந்த பெட்டைக் குதிரைகளை வண்டிகளில் பூட்டி, குழந்தைகளையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு சென்றனர். தரைவழி அடைபட்டபோது, உறைந்து கிடந்த விஸ்துலா காயலின் பனிக்கட்டியின் மீதே வண்டிகளைச் செலுத்தினர். மேலே விமானங்கள் சுட்டன. கீழே பனிக்கட்டி பிளந்தது. வண்டியோடும் குதிரையோடும் நீரில் மூழ்கியோர் பலர். பல்லாயிரம் குதிரைகளைக் கொண்டிருந்த அவ்வினத்தில் மேற்கு ஜெர்மனியை அடைந்தவை மிகச் சில. டிராக்கேனன் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் யாஸ்னயா பொல்யானா என்ற பெயர் தாங்கி நிற்கிறது.

ஊர் போயிற்று, பண்ணை போயிற்று, எனினும் இனம் அழியவில்லை. எஞ்சிய குதிரைகள் உழவர்களின் கொட்டில்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிக் கணக்கெடுத்து ஒன்று சேர்த்தனர் ஊரிழந்து வந்த சிலர். 1947-ஆம் ஆண்டில் டிராக்கேனர் இனத்துக்கெனத் தனிச் சங்கம் நிறுவப்பட்டது. வீடிழந்தவர்கள் தமக்கு வீடு தேடுமுன் குதிரைகளின் குலப்பதிவேட்டைப் புதுப்பித்தனர் என்றால், அவர்கள் அதனைத் தம் நாட்டின் நினைவாகவே போற்றினர் என்பது விளங்கும்.

அச்சிலவற்றின் வழித்தோன்றலாக 1993-இல் பிறந்தது கிரிபால்டி. அதன் தந்தை கோஸ்டோலானி என்னும் பெயர்பெற்ற பொலிகுதிரை. கிரிபால்டி நெதர்லாந்து நாட்டுக்குச் சென்றது. அங்கு அப்போது ஒரு மாற்றம் நடந்து முடிந்திருந்தது. போருக்குப் பின் டிராக்டர்கள் வந்தமையால் நெதர்லாந்தின் உழவுக் குதிரைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அந்நாட்டு உழவர்கள் சோர்ந்துவிடவில்லை. க்ரோனிங்கன், கெல்டர்லாந்து மாவட்டங்களின் பருத்த குதிரைகளை மெலிந்த, விரைந்த பிற இனங்களோடு கலந்து, விளையாட்டுக்கேற்ற புதிய குதிரையை உருவாக்கினர். இக்கலப்பிற்கு நயமும் துள்ளலும் ஊட்டிய பொலிகுதிரைகளுள் கிரிபால்டியும் ஒன்று.

கிரிபால்டி இனவிருத்திக்கு மட்டும் பயன்பட்டதன்று. எட்வர்ட் கேல் என்ற நெதர்லாந்து வீரர் அதனைச் செலுத்தி, டிரஸ்ஸாஜின் மிக உயர்ந்த படியாகிய 'கிராண்ட் பிரீ' வரை போட்டிகளில் ஆடச் செய்தார். தான் ஆடிக் காட்டிய திறனையே தன் குட்டிகளுக்கும் அளித்தது என்பதால் பண்ணையாளர்கள் அதனை மிகவும் விரும்பினர். அதன் மக்களுள் ஒன்றாகிய 'பெயின்டட் பிளாக்' 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்பெயின் நாட்டுக்காகக் களமிறங்கியது. மற்றொன்றே நம் டோடிலாஸ். நெதர்லாந்துப் பெட்டைக் குதிரையாகிய லோமின்காவின் வயிற்றில் அது 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தது.

தந்தையைச் செலுத்திய அதே எட்வர்ட் கேல் பின்னர் மகனையும் பயிற்றினார். ஒரே கை இரு தலைமுறைகளை அறிந்திருந்தது. தந்தையின் உடலில் எந்த நரம்பு எப்போது இறுகும், எந்தப் பாடத்தில் தயங்கும் என்று கண்டவருக்கு, மகனின் இயல்பு முற்றும் புதியதாக இருந்திராது. 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த உலகப் போட்டியில் இவ்விருவரும் குழுப் போட்டியிலும் தனிப் போட்டிகள் இரண்டிலுமாக மூன்று பொற்பதக்கங்களை வென்றனர்.

புகழோடு விவாதமும் எழுந்தது. டோடிலாஸின் முன்கால்கள் அளவுக்கு மீறி உயர்கின்றன, பின்கால்கள் அவற்றுக்கு இணையாக எட்டிச் செல்லவில்லை என்று பழைய மரபைப் போற்றுவோர் குறை கூறினர். அக்காலத்தில் குதிரையின் கழுத்தை மார்பை நோக்கி மிகுதியாக வளைத்துப் பயிற்றும் முறை பற்றி இத்துறையெங்கும் பூசல் நிகழ்ந்துகொண்டிருந்தது. 2010 பிப்ரவரியில் அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம், வன்மையைப் பயன்படுத்தி அவ்வாறு வளைப்பது ஏற்கத்தக்கதன்று என அறிவித்தது. மதிப்பெண் உயர உயர, அதற்கு விலங்கு கொடுக்கும் விலை என்ன என்று உலகம் கேட்கத் தொடங்கியது. அது கேட்க வேண்டிய கேள்வியே.

அதே 2010-ஆம் ஆண்டில்தான் தந்தை கிரிபால்டி இறந்தது. அவ்வாண்டு அக்டோபரில், உலகப் போட்டி முடிந்த சில நாட்களில், டோடிலாஸ் விற்கப்பட்டது. வாங்கியவர் பால் ஷோக்கமொலே என்னும் ஜெர்மானியப் பண்ணையாளர். அவர் நோக்கம் இரண்டு: ஒன்று, ஜெர்மனிக்காகக் களத்தில் வெற்றி, மற்றொன்று, பொலிகுதிரையாக அதன் வித்துக்குக் கிடைக்கும் வருவாய். செயற்கை முறைக் கருவூட்டல் பரவிய இக்காலத்தில் ஒரே குதிரை பல நாடுகளில் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையாகலாம். களத்தில் பெறும் ஒவ்வொரு வெற்றியும் அவ்வித்தின் விலையை ஏற்றும்.

குதிரை வந்தது, ஆனால் அதனோடு அதன் கை வரவில்லை. புதிய வீரர் மத்தியாஸ் ராத் இளைஞர், திறமையுடையவர். 2011-இல் ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மன் குழுவோடு வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஆயினும் பழைய உயரத்தைத் தொட முடியவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன் ராத் நோயுற்றார். டோடிலாஸ் அங்குச் செல்லவில்லை. பின்னர்க் காயங்கள் தொடர்ந்தன. 2015-இல் ஆகன் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஆடியபின் பின்னங்கால் எலும்பில் வீக்கம் இருப்பது கண்டறியப்பட்டது. அத்துடன் அதன் விளையாட்டு வாழ்வு முடிந்தது. ஒலிம்பிக் களத்தை ஒருமுறையேனும் மிதிக்காமலே, 2020 டிசம்பரில், வயிற்று நோயால் இறந்தது. அதன் மதிப்பெண் சாதனையை அதற்குள் வலேக்ரோ என்ற மற்றொரு குதிரை 2013-லும் 2014-லும் முறியடித்துவிட்டது.

கதை இத்துடன் முடியவில்லை. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் எட்வர்ட் கேல் மீண்டும் களமிறங்கினார். அவர் ஏறியிருந்த குதிரை டோடிலாஸின் மகனாகிய 'டோட்டல் யு.எஸ்.' தாத்தாவையும் தந்தையையும் அறிந்த கை, மூன்றாம் தலைமுறையையும் தொட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டோடிலாஸின் இன்னொரு மகனாகிய 'டோட்டோ ஜூனியர்' நெதர்லாந்துக் குழுவில் ஆடியது. தந்தை செல்லாத களத்துக்கு மக்கள் சென்றனர்.

மாணவ நண்பர்களே, நாம் தொடங்கிய வினாக்களுக்கு இப்போது விடை கூறலாம். குலம் ஆற்றலைத் தரும். கிரிபால்டி இல்லையேல் டோடிலாஸ் இல்லை. ஆனால் குலம் தருவது வித்து மட்டுமே. அது விளைவதற்குப் பொறுமையும் புரிதலும் உள்ள கை வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையே வளரும் உறவைச் சந்தையில் விலைக்கு வாங்க இயலாது.

இன்னும் ஒன்று. உறைந்த காயலைக் கடந்துவந்த பெட்டைக் குதிரைகளைப் பேணிய அந்த எளிய மக்களுக்கு, தாம் காப்பது எதற்குப் பயன்படும் என்று தெரியாது. லண்டன் அரங்கின் கைதட்டலை அவர்கள் கேட்கவும் இல்லை. எனினும் அவர்கள் அன்று கைவிட்டிருந்தால், அறுபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கரிய குதிரை இசைக்கு அடியெடுத்து வைத்திருக்காது. முன்னோர் காத்தளித்தது நம் கையில் வரும்போது, அதனை விலை பேசுவதா, வளர்ப்பதா என்பது நம் பொறுப்பு.