கனடாக் கூட்டாட்சியின் தோற்றமும் வளர்ச்சியும்

வட அமெரிக்காவில் பிரிட்டனின் ஆளுகையில் தனித்தனியே இயங்கிவந்த குடியேற்றங்கள் 1867 முதல் 1949 வரை ஒவ்வொன்றாக இணைந்து உருவான நாடு கனடா. 1867 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் வட அமெரிக்கச் சட்டம் மூன்று குடியேற்றங்களைச் சேர்த்து ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் என்ற நான்கு மாகாணங்களாக்கியது. மற்ற ஆறு மாகாணங்கள் பின்னர் வந்தன. விழா மேடைகளில் இது ஒரு தேசிய விழிப்பின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் யார், எந்த ஆண்டில், என்ன நிபந்தனையோடு இணைந்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் கடனும் ரயில் பாதையுமே முன்னே நிற்கின்றன. கனடியர் என்ற உணர்வு இணைப்புக்குக் காரணமாக இருந்ததைவிட, இணைப்பின் விளைவாகப் பிறந்தது என்பதே பொருத்தமான முடிவு.

அரசியல் முட்டுக்கட்டைதான் தொடக்கம். 1841-இல் மேல் கனடாவும் கீழ் கனடாவும் 'கனடா மாகாணம்' என்ற ஒரே மாகாணமாக்கப்பட்டபோது, மக்கள்தொகை எதுவானாலும் இரு பகுதிகளுக்கும் சட்டமன்றத்தில் சம இடங்கள் தரப்பட்டன. ஆங்கிலம் பேசும் மேற்குப் பகுதியின் மக்கள்தொகை பிரெஞ்சு பேசும் கிழக்கை விஞ்சியதும், 'தலைக்கேற்ற இடம்' வேண்டும் என்று ஜார்ஜ் பிரவுன் போர்க்கொடி உயர்த்தினார். அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. 1864 ஜூனில் பிரவுன் தம் பரம எதிரியான ஜான் மெக்டொனால்டுடனும், பிரெஞ்சுக் கனடியரின் தலைவர் ஜார்ஜ்-எத்தியேன் கார்ட்டியேயுடனும் கைகோத்தார். அந்தச் செப்டம்பரில், தங்களுக்குள் மட்டும் இணைவது பற்றிப் பேச அட்லாண்டிக் கரைக் குடியேற்றங்கள் ஷார்லட்டவுனில் கூட்டிய மாநாட்டுக்கு இவர்கள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் அப்போது சர்க்கஸ் நடந்ததால் விடுதிகளில் இடமில்லை. பலர் கப்பலிலேயே தங்கினார்கள். அக்டோபரில் கியூபெக் நகரில் கூடிய மாநாடு 72 தீர்மானங்களை வகுத்தது.

இணைப்பின் உள்நோக்கம் சட்டத்தின் நிதிப் பிரிவுகளில் வெளிப்படையாகவே தெரிகிறது. புதிய மத்திய அரசு மாகாணங்களின் கடன்களை ஏற்றுக்கொண்டது. வரம்பு கனடா மாகாணத்துக்கு 6.25 கோடி டாலர், நோவா ஸ்கோஷியாவுக்கு 80 லட்சம், நியூ பிரன்ஸ்விக்குக்கு 70 லட்சம். சுங்க வரியை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக மாகாணங்களுக்குத் தலைக்கு 80 சென்ட் மானியம். இந்தக் கடன்களில் பெரும்பகுதி ரயில் பாதைகளால் வந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆறு குளிர்காலத்தில் உறைந்துவிடும். கனடாவின் கிராண்ட் ட்ரங்க் ரயில் கடலைத் தொட அமெரிக்காவின் போர்ட்லாண்ட் துறைமுகத்தை நம்பியிருந்தது. எனவே ஹாலிஃபாக்ஸ் வரை சொந்த மண்ணிலேயே ஒரு பாதை தேவைப்பட்டது. ஆறு மாதத்துக்குள் அதன் பணியைத் தொடங்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்திலேயே ஒரு பிரிவு எழுதிச் சேர்த்தார்கள். ரயில் பாதைக்காக ஓர் அரசமைப்புப் பிரிவு என்பது உலகில் அபூர்வம்.

இதற்கு முதல் மறுப்பு, அமெரிக்கா பற்றிய அச்சத்தை மறந்துவிடுகிறோம் என்பது. மறுப்பு வலுவானதுதான். உள்நாட்டுப் போரால் அமெரிக்காவிடம் பெரும் படை இருந்தது. 1854-இன் வர்த்தக ஒப்பந்தத்தை அது 1866-இல் முடித்துக்கொண்டது. அதே ஆண்டில் ஃபீனியன் எனப்பட்ட ஐரிஷ் போராளிகள் எல்லை தாண்டித் தாக்கினார்கள். நியூ பிரன்ஸ்விக்கில் 1865-இல் தோற்ற இணைப்பு ஆதரவாளர் லெனர்ட் டில்லி 1866-இல் வென்றதில் அந்தத் தாக்குதலுக்குப் பங்குண்டு. ஆனால் அச்சம் மட்டும் போதும் என்றால் நோவா ஸ்கோஷியா ஏன் முரண்டு பிடித்தது? 1867 தேர்தலில் அது அனுப்பிய 19 உறுப்பினர்களில் 18 பேர் இணைப்பை எதிர்த்தவர்கள். அவர்களின் தலைவர் ஜோசப் ஹவ் லண்டன்வரை சென்று முறையிட்டும் பலனில்லை. அவரை வழிக்குக் கொண்டுவந்தது கடன் வரம்பை 90 லட்சம் டாலருக்கு மேல் உயர்த்தியதும், பத்தாண்டுக்குக் கூடுதல் மானியம் தந்ததும்தான். 1869-இல் அவரே மத்திய அமைச்சரானார். இணைப்பை எப்போது பேசுவது என்பதை அச்சம் விரைவுபடுத்தியது. எந்த நிபந்தனையில் முடிப்பது என்பதைப் பணம் தீர்மானித்தது.

இரண்டாவது மறுப்பு பிரெஞ்சுக் கனடியரைப் பற்றியது. அவர்கள் வந்தது காசுக்காக அல்ல. மொழி, சமயம், உரிமையியல் சட்டம் ஆகியவற்றைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளத்தான். இதை மறுக்க முடியாது. முழு ஒற்றையாட்சியை விரும்பிய மெக்டொனால்டு கூட்டாட்சிக்கு இறங்கிவந்ததே கார்ட்டியேயின் பிடிவாதத்தால்தான். கல்வியும் உரிமையியல் சட்டமும் மாகாணங்களுக்குப் போயின. எனினும் பட்டியலில் வராத எஞ்சிய அதிகாரங்களும், மாகாண ஆளுநரை நியமிப்பதும், மாகாணச் சட்டங்களை ரத்து செய்வதும் மத்திய அரசிடமே இருந்தன. (எஞ்சிய அதிகாரத்தையும் ஆளுநர் நியமனத்தையும் இந்திய அரசமைப்பும் மத்தியிடமே தந்திருப்பதால், மாநில சுயாட்சி விவாதங்களைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது.) பிரெஞ்சுக் கனடியரின் கோரிக்கை கூட்டாட்சியின் வடிவத்தைத் தந்தது. வடிவம் வேறு, உந்துவிசை வேறு.

மேற்கில் இந்தக் கணக்கு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அதன் கொடுமையும் தெரியும். ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் பரந்த நிலத்தைக் கனடா 3 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்த நிலத்தில் வாழ்ந்த பூர்வகுடிகளையோ, ஐரோப்பிய, பூர்வகுடிக் கலப்பில் தோன்றிய மேட்டி மக்களையோ யாரும் கேட்கவில்லை. சிவப்பு ஆற்றங்கரையில் லூயி ரியேல் தலைமையில் மேட்டிகள் எதிர்த்து நின்றதால்தான் 1870-இல் மனிடோபா மாகாணமாகப் பிறந்தது. ஆனால் நிலமும் இயற்கை வளமும் மத்திய அரசிடமே இருந்தன; 1905-இல் உருவான ஆல்பர்ட்டா, சஸ்காட்செவான் உட்பட மூன்று மாகாணங்களுக்கும் அவை 1930-இல்தான் கைமாறின. இதற்கு நேர்மாறாக, பேரம்பேசும் மேசையில் இடம்பெற்ற பிரிட்டிஷ் கொலம்பியா 1871-இல் கேட்டதைவிட அதிகம் பெற்றது. கடனில் மூழ்கியிருந்த அந்தக் குடியேற்றம் வண்டிச் சாலை கேட்டுப் போக, பத்தாண்டுக்குள் ரயில் பாதையே தருவதாக கார்ட்டியே வாக்களித்தார். மானியத்துக்காக அதன் மக்கள்தொகையை 60,000 என்று வைத்துக்கொண்டார்கள். வெள்ளைக் குடியேறிகள் அதில் சிறு பகுதியே. பாதை தாமதமானதும், 1878-இல் அதன் சட்டமன்றம் பிரிந்துபோவதாகத் தீர்மானம் போட்டது. சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் உழைத்த அந்தப் பாதை 1885 நவம்பர் 7 அன்று முடிந்தது. ஒன்பது நாள் கழித்து, மீண்டும் கிளர்ந்தெழுந்த ரியேல் தூக்கிலிடப்பட்டார்.

முதல் மாநாட்டுக்கு இடம் தந்த பிரின்ஸ் எட்வர்ட் தீவு 1867-இல் சேரவில்லை. 1871-இல் தொடங்கிய ரயில் பாதை அதன் கஜானாவைக் காலிசெய்ய, 1873-இல் சேர்ந்தது; வெளியூர் ஜமீன்தார்களிடமிருந்து நிலத்தை மீட்க 8 லட்சம் டாலரும், ஆண்டு முழுவதும் கப்பல் போக்குவரத்தும் நிபந்தனைகளில் அடக்கம்.

இந்த விளக்கத்துக்கு மிகவும் சிக்கலானது நியூபவுண்ட்லாந்து. 1869 தேர்தலில் இணைப்பை நிராகரித்த அது, கடன் நெருக்கடியால் 1934-இல் தன்னாட்சியையே இழந்தது. திவால் நிலையில் சேராமல், போர்க்கால வருவாயால் கஜானா நிரம்பிய பிறகு, 1949 மார்ச் 31 அன்று சேர்ந்தது. அரசின் கடன்தான் காரணம் என்ற வாதம் இங்கே பொருந்தாது. முதல் பொது வாக்கெடுப்பில் தன்னாட்சிக்கே அதிக வாக்குகள் விழுந்தன. 1948 ஜூலையில் நடந்த இரண்டாவதில் இணைப்பு 52.3 சதவீதம் பெற்றது. இணைப்புக்காகப் பிரசாரம் செய்த ஜோயி ஸ்மால்வுட், அரசின் வரவு செலவைவிடக் கனடா தரும் குழந்தைகள் உதவித்தொகையைப் பற்றியே வீட்டுக்கு வீடு பேசினார். கணக்கு கஜானாவிலிருந்து அடுப்படிக்கு மாறியிருந்தது. இணைப்பு உடன்படிக்கையில், தீவின் ரயிலையும் கப்பல் போக்குவரத்தையும் மத்திய அரசு ஏற்கும் என்பதோடு, பால்பண்ணைக்காரர்களின் வற்புறுத்தலால் கனடாவில் நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்த மார்ஜரினை அங்கே தொடர்ந்து விற்கலாம் என்ற ஷரத்தும் இடம்பெற்றது.