ஒரு கணினியில் பல குடித்தனங்கள்

ஊர்விட்டு ஊர் வந்து, ஒரே வீட்டில் பலரோடு ஒண்டுக்குடித்தனம் செய்த நேயர்களுக்கு இன்றைய பொருளை விளக்குதல் எளிது. வீடு ஒன்று; அடுப்பும் கணக்கும் வேறு வேறு. ஒரு கணினிக்குள் பல கணினிகள் குடியிருக்கும் விந்தையும் அத்தகையதே. உள்ளே குடியிருப்பதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். மெய்யன்று, ஆயினும் மெய்யே போலப் பணி செய்வது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லாக்கம் மனநிறைவு தருகிறது.

இதன் வரலாறு 1960களில் தொடங்குகிறது. அந்நாளில் கணினி பெரும்பொருட் செலவில் அமைவது. ஆளுக்கொன்று என்பது கனவிலும் இல்லை. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். அறிவியல் மையத்தில், ராபர்ட் கிரீசி தலைமையிலான குழுவினர் ‘சி.பி.-40’ என்னும் அமைப்பை உருவாக்கினர். 1967இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே கணினி 14 பேருக்குத் தனித்தனிக் கணினிகளாக விளங்கிற்று. 1972இல் ‘வி.எம்./370’ என்ற பெயரில் அம்முறையை அந்நிறுவனம் வாடிக்கையாளர்க்கு அறிவித்தது.

அக்காலத்தில் எதனை இயக்கவும் நிறுத்தவும் கட்டளையைத் தட்டச்சு செய்தாக வேண்டும். கட்டளை அறியாதவர்க்கு அங்கு வேலையில்லை. இதற்கிடையே, கட்டளையைக் காட்சியாக்கும் முயற்சி வேறிடத்தில் வளர்ந்து வந்தது. 1968இல் டக்ளஸ் எங்கல்பார்ட் சான்பிரான்சிஸ்கோவில் சுட்டியை இயக்கிக் காட்டினார். 1973இல் தோன்றிய ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ‘ஆல்ட்டோ’ இவ்வழியை மேலும் அகலமாக்கியது.

இரு நெறிகளும் மேசைக் கணினியில் ஒன்று கூடின. 1999இல் ‘விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன்’ முழுக்கணினி ஒன்றையே திரையின் ஒரு சாளரத்துள் அடக்கியது. பின்னர் லினக்ஸ் உலகிற்கு ‘விர்ட்-மேனேஜர்’ வாய்த்தது. அதன் சாளரத்தில் குடியிருக்கும் கணினிகள் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொன்றின் உழைப்பும் சிறு வரைபடமாக ஓடும்.

எளிமை வந்தால் எச்சரிக்கையும் உடன் வரவேண்டும். அங்கே நிறுத்தும் வழிகள் இரண்டு. ஒன்று, உள்ளிருக்கும் கணினியிடம் ‘பணியை முடித்துக்கொள்’ என்று சொல்வது. மற்றொன்று வலிந்து நிறுத்துவது. அது மின்கம்பியைப் பிடுங்குதற்கு ஒப்பாகும். காட்சிச் சாளரத்தை மூடினால் கணினி நின்றுவிட்டது என்று கருதுவதும் தவறு. அது உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும்.

நாம் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், ஊழியர் ஒருவர் ஒரு வரி மாற்றிச் சுட்டி வலிந்து நிறுத்திவிட்டார். சேமிக்கப்படாதிருந்த அரைநாள் மொழிபெயர்ப்பு மறைந்தது. அவரைக் கடிந்து பயனில்லை. இருவேறு கணினிகளுக்கு ஏறத்தாழ ஒரே பெயரை நாமே இட்டிருந்தோம். அன்று முதல் ஒவ்வொன்றிற்கும் தெளிவான பெயரிட்டோம். நிறுத்துமுன் அப்பெயரை வாய்விட்டுப் படித்தோம்.

கட்டளையைத் தட்டச்சு செய்த தலைமுறைக்கு, பெயரை எழுத்தெழுத்தாக அடிக்கும் நேரமே சிந்திக்கும் நேரமாயிற்று. சுட்டி அந்த நேரத்தைச் சுருக்கிவிட்டது. அதனை மீட்டுக்கொள்வது நம் கடமை. குடியிருப்பவர் கண்ணுக்குத் தெரியாவிடினும், கதவைச் சாத்துமுன் குரல் கொடுப்பதே வீட்டுக்காரர்க்கு அழகு.