கோஷ்டி: பூசலும் கானமும்

தை மாதக் குளிரில் தில்லி லக்ஷ்மிபாய் நகர்த் தமிழர் வீடுகளில் 'கோஷ்டி' என்ற சொல் இரண்டு விதமாக அடிபடும். காலையில் பத்திரிகையைப் பிரித்தால் ஏதாவதொரு கட்சியில் கோஷ்டிப் பூசல். சாயங்காலம் போன் வந்தால், "மாமி, தியாகராஜ ஆராதனைக்கு வரேளா? கோஷ்டியில ஆள் பத்தலை." அடிதடிக்கும் ஆராதனைக்கும் ஒரே சொல்.

வடமொழியில் 'கோஷ்டம்' மாட்டுத் தொழுவம். மாடு அடையும் இடத்தின் பெயரிலிருந்து ஆட்கள் கூடும் கூட்டத்துக்கு 'கோஷ்டி' வந்தது. தமிழ் அதைக் 'கோட்டி' என்று வெகுகாலம் முன்பே வாங்கிக்கொண்டது. கல்லாமை அதிகாரத்தின் முதல் குறளில் (401) வரும் கோட்டி, கற்றவர்கள் கூடிப் பேசும் அவை. தேவரும் முனிவரும் கூடிய இடம் என்று தலபுராணம் சொல்லும் ஊர், சிவகங்கை மாவட்டத்துத் திருக்கோட்டியூர். நெல்லைப் பக்கத்தில் பைத்தியத்தைக் குறிக்கும் 'கோட்டி'யை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெருமாள் கோயில்களில் பிரபந்தம் சேவிக்கும் குழு கோஷ்டி. சேவித்து முடித்தபின் பிரசாதம் கொடுப்பது கோஷ்டி விநியோகம். யார் முதலில் தொடங்குவது என்று வடகலையாரும் தென்கலையாரும் நீதிமன்றப் படியேறியதும் உண்டு. கூடிப் பாடுகிறவர்களுக்கும் பிரிந்து நிற்கிறவர்களுக்கும் ஒரே பெயர் பொருந்திப்போனதில் வியப்பில்லை.

சங்கீதத்தில் 'கோஷ்டி கானம்' என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது தியாகராஜரின் பஞ்சரத்தினம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகங்கள். எல்லாமே ஆதி தாளம். முதலாவது வடமொழி, மற்ற நான்கும் தெலுங்கு. 1847-இல் அவர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் இவற்றை நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலாகப் பாடுவது ஆதிமுதல் வந்த வழக்கம் என்றே பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆராதனையைப் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து நடத்தினார்கள். சமாதியில் கோயில் எழுப்பப் பொருள் கொடுத்த பெங்களூர் நாகரத்தினம்மாள், பெண்களுக்கு அங்கே பாட இடமில்லை என்பதால் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் எல்லாத் தரப்பும் ஒன்றானபோதுதான் பஞ்சரத்தினத்தைக் கூடிப் பாடும் முறை நிலைபெற்றது. இன்றைய பத்திரிகைத் தமிழில் சொன்னால், கோஷ்டிகள் ஒழிந்த பிறகே கோஷ்டி கானம் வந்தது.

பாடுவதிலும் அந்தச் சமரசம் தெரியும். ஒவ்வொரு சரணத்தையும் முதலில் ஸ்வரமாகவும் பிறகு சாகித்யமாகவும் பாட வேண்டும். நிரவல் கிடையாது, தன் வித்தையைக் காட்ட யாருக்கும் இடமில்லை. சுருதி ஆண்களுக்குக் கொஞ்சம் தூக்கல், பெண்களுக்குக் கொஞ்சம் தணிவு. வானொலி பழக்கிய 'சேர்ந்திசை'யில் குரல்கள் வெவ்வேறு ஸ்தாயியில் பிரிந்து இணையலாம். கோஷ்டி கானத்தில் எல்லோருக்கும் ஒரே வரி, ஒரே ஸ்வரம்.

வராளிக்கு மட்டும் ஒரு விசேஷம். அதை நேரே சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் ஆகாது என்பது பழைய நம்பிக்கை. கேட்டுக் கேட்டுத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கோஷ்டியை விட்டால் வேறு பள்ளிக்கூடம் ஏது? ஆகவே பாடாந்தரம் போதாது என்று தயங்குகிறவர்கள் இந்தத் தையில் கடைசி வரிசையிலாவது போய் உட்காருங்கள்.