புஷிமி இனாரி: நெல் தெய்வத்தின் மலைக்கோயில்

ஜப்பானின் கியோத்தோ நகரின் தென்பகுதியில், 233 மீட்டர் உயரமுள்ள இனாரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புஷிமி இனாரி தாய்ஷா. நெல் தெய்வமான இனாரிக்கு நாடெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கோயில்களுக்கு இதுவே தலைமைக் கோயில்.

கி.பி. 711இல் ஹாதா குலத்து இரோகு இதை நிறுவினார் என்பது மரபு. செல்வச் செருக்கில் அவர் மோச்சி என்னும் அரிசிப் பண்டத்தையே குறியாக வைத்து அம்பு எய்தாராம். பண்டம் வெண்பறவையாகி மலையுச்சிக்குப் பறந்தது. அது இறங்கிய இடத்தில் நெல் விளைந்தது. உணவை அவமதித்தவருக்குத் தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்தால், கதை விளைச்சலில் போய் நிற்கிறது!

827இல் பேரரசர் ஜுன்னா நோயுற்றார். தோஜி பௌத்தக் கோயிலின் கோபுரத்துக்காக இம்மலை மரங்களை வெட்டியதே காரணம் என்று குறி சொன்னார்கள். தெய்வத்தின் சினம் தணிக்க அரசவைப் படிநிலையில் அதற்கு ஒரு பதவி வழங்கப்பட்டது. 1468இல் ஓனின் உள்நாட்டுப் போரில் கோயில் எரிந்தது. இன்றுள்ள முதன்மை மண்டபம் 1499இல் எழுந்தது; முகப்பு வாயிலை 1589இல் போர்த்தலைவர் தொயொதோமி ஹிதேயோஷி கட்டினார்.

பின்னர் வந்த எடோ காலத்தில் சாமுராய் வீரர்களின் ஊதியம் அரிசியில் அளக்கப்பட்டது. அதற்கான அளவை கோகு; ஒரு கோகு என்பது ஏறக்குறைய 180 லிட்டர். அரிசியே செல்வமாக இருந்த நாட்டில் நெல் தெய்வம் வணிகர்களின் தெய்வமும் ஆனதில் வியப்பில்லை. வேண்டுதல் நிறைவேறியவர்கள் தோரி எனப்படும் மரவாயில்களை நேர்ச்சையாக நிறுத்தும் வழக்கம் அப்போதுதான் பரவியது. இன்று மலைப்பாதை நெடுக ஏறக்குறைய 10,000 வாயில்கள். ஏறுபவர் கண்ணில் பெரும்பாலும் செந்தூர நிறமே படும். இறங்கும்போதுதான் பின்புறத்தில் கறுப்பு எழுத்தில் கொடையாளர் பெயரும் தேதியும் தெரியும். பல பெயர்கள் நிறுவனங்களுடையவை. பக்தியும் விளம்பரமும் எங்கே பிரிகின்றன என்று சொல்வது கடினம்.

வழிநெடுக அமர்ந்திருக்கும் கல் நரிகளைத் தெய்வமென்று நினைப்போர் பலர். அவை தூதுவர்கள் மட்டுமே. சிலவற்றின் வாயில் நெற்கதிர், சிலவற்றில் களஞ்சியச் சாவி.

வணிகர் கூட்டம் பெருகினாலும் வேளாண் சடங்குகள் நிற்கவில்லை. கோயிலுக்கென்று சிறு வயல் உண்டு. அங்கே ஜூன் 10 அன்று நடவு, அக்டோபர் 25 அன்று அறுவடை. நவம்பர் 8 அன்று வைக்கோலைத் தீயிலிட்டு நன்றி சொல்கிறார்கள்; புத்தரிசியை நவம்பர் 23 அன்று படைக்கிறார்கள். கோயில் தெருக் கடைகளிலோ சுட்ட குருவி பழைய தின்பண்டம். நெல்மணி கொத்துவதுதான் குருவி செய்த குற்றம்.